உறங்கும் உயரம்: மதுரையிலிருந்து லடாக்குக்கு ஒரு வாரத் திட்டம்

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் கொடைக்கானல்தான். வத்தலக்குண்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பேருந்தில் யாராவது எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்வார்கள். பெருமாள்மலைக்கு மேலே போனதும் சன்னல் கண்ணாடிகளைச் சாத்துவார்கள். ஏரியை ஒருமுறை சுற்றிவிட்டு மறுநாள் இரவு ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினால் மலைப்பயணம் முடிந்தது. அந்தக் கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லடாக்கின் முதன்மை நகரமான லேயில் விமானம் வந்து இறங்கும் ஓடுதளமே 3,256 மீட்டரில் இருக்கிறது. ஆனைமுடியின் உச்சியில் நிற்பவர்கூட இன்னும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறினால்தான் அந்த ஓடுதளத்தின் மட்டத்துக்கு வருவார். நம்முடைய மலையனுபவம் லடாக் பயணத்தைத் திட்டமிடுவதற்குப் பெரிதாக உதவாது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

வருகிற செப்டம்பரில் நாங்கள் ஐந்து பேர் அங்கே போவதாக இருக்கிறோம்: நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அறுபதைக் கடந்த அக்கா, அவரைவிட நான்கு வயது மூத்த அத்தான். திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஆகவே இது போய்வந்தவன் எழுதும் பயணக்கதை இல்லை. ஏழு இரவுகளை எங்கெங்கே கழிப்பது என்று முடிவு செய்த கதை. நம் பக்கத்திலிருந்து கிளம்ப நினைக்கும் மற்றவர்களுக்குப் போய்வந்த கதையைவிட இது கூடுதலாகப் பயன்படக்கூடும் என்று நினைக்கிறேன்.

அத்தான் ஏற்கெனவே ஒரு சுற்றுலா நிறுவனத்தில் பளபளப்பான தாள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 5 இரவு, 6 பகல். முதல் நாள் காலை விமானத்தில் லே; இரண்டாம் நாள் காலையிலேயே கார்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு; மூன்றாம் நாள் அங்கிருந்து ஷியோக் ஆற்றை ஒட்டிய சாலையில் பாங்கோங் ஏரி; ஏரிக்கரைக் கூடாரத்தில் இரவு; பிறகு லே, மடாலயங்கள், கடைவீதி, விமானம். காலை உணவு உண்டு, இரவு உணவு உண்டு, ஒட்டகச் சவாரிக்குத் தனிக் கட்டணம் என்பதுகூடச் சின்ன எழுத்தில் இருந்தது. உயரம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நான் பென்சிலை எடுத்து ஒவ்வோர் இரவுக்கும் எதிரே அந்த ஊரின் உயரத்தை எழுதினேன். மதுரை வீட்டில் கடைசி இரவு சுமார் 100 மீட்டர். லேயில் முதல் இரவு 3,500. இரண்டாம் இரவு நுப்ராவில் 3,050. மூன்றாம் இரவு பாங்கோங்கில் ஏறத்தாழ 4,250.

“மாப்ளே, நாம ஊர் பாக்கப் போறமா, உயரம் அளக்கப் போறமா?” என்று அத்தான் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அளக்காமல் போனவர்கள் ஊர் பார்க்காமல் விடுதி அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த கதைகளை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். லடாக் நிர்வாகமே விமானத்தில் வந்து இறங்குவோர் குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுத்த பிறகுதான் அதற்கு மேலே போகவேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அந்தத் தாளில் 24 மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பங்கு குறைவதில்லை, மதுரையிலும் கார்துங் லாவிலும் அது 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடல்மட்டத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு; 5,359 மீட்டரில் இருக்கும் கார்துங் லாவில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் முதலில் மூச்சை விரைவுபடுத்தி ஈடுகட்டப் பார்க்கிறது. அப்படி வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகங்கள் அதைச் சரிசெய்து முடிக்கச் சில நாட்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில் வருவதுதான் தலைவலி, குமட்டல், தளர்ச்சி, உறக்கமின்மை எல்லாம்.

இதில் ஒரு சூது இருக்கிறது. இறங்கிய உடனே எதுவும் தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி தொடங்கும். காலை எட்டு மணிக்கு லேயில் இறங்கியவர், “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று நண்பகலில் கடைவீதியைச் சுற்றி, மாலையில் அரண்மனைப் படிகளில் ஏறி, இரவில் அவதிப்படுவார். தலைவலியோடு நின்றுவிட்டால் ஓய்வில் சரியாகிவிடும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். இளமையோ உடற்பயிற்சியோ இதற்குக் காப்பு இல்லை. தினமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தை விறுவிறுவென்று சுற்றிவருபவருக்கு வரலாம், நாற்காலியை விட்டு எழாதவருக்கு வராமலும் போகலாம்.

3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. இதில் கவனிக்கவேண்டியது ‘உறங்கும்’ என்பதை. பகலில் அதற்கு மேலே ஏறிச் சற்று நேரம் இருந்துவிட்டு இறங்கலாம். இரவைத் தாழ்வான இடத்தில் கழிக்கவேண்டும். இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டபின், எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்ற கேள்வியை நான் ஒத்திவைத்துவிட்டேன். ஏழு இரவுகளுக்கு ஏழு உயரங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே பகலில் பார்க்கக் கிடைப்பதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போனது இந்த முடிவை இன்னும் இறுக்கமாக்கியது. அத்தானின் இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதால் ஓர் இதயப் பரிசோதனையை மட்டும் செய்துகொண்டு போகலாம் என்றார். உயரத்துக்கு உடலைப் பழக்க உதவும் அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றி நானே கேட்டேன். அது சிறுநீரகங்களின் அந்தச் சரிசெய்யும் வேலையை விரைவுபடுத்துகிறது. சிறுநீர் அடிக்கடி போகும், விரல் நுனிகள் குறுகுறுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், “யாருக்காவது சல்ஃபா ஒத்துக்கொள்ளாதா?” என்று கேட்டார். அக்காவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் சல்ஃபா மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனது அப்போதுதான் பேச்சில் வந்தது. அவருக்கு அந்த மாத்திரை வேண்டாம், மெதுவாக ஏறுவதுதான் அவருக்கு மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருவருக்கு மெதுவாக என்றால் ஐவருக்கும் மெதுவாகத்தான்.

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: “வீட்ல அந்த விரல்ல மாட்ற மெசினு இருக்குல்ல, அத எடுத்துக்குவோம்.” கொரோனா காலத்தில் வாங்கி, இப்போது அலமாரியில் தீபாவளி வத்திப்பெட்டிகளோடு கிடக்கும் ஆக்சிமீட்டரைச் சொன்னார். பேட்டரி மாற்றினால் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்று அந்த ஆண்டுகளில் நாம் மனப்பாடம் செய்த எண் லேயில் செல்லாது. அங்கே புதிதாக வந்து இறங்கிய நலமான மனிதருக்கே 90ஐ ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும் காட்டுவது வழக்கம். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் முதல் இரவிலேயே அந்தச் சின்னக் கருவி வீட்டையே ரணகளமாக்கிவிடும். எண்ணைவிட ஆளைப் பார்க்கவேண்டும்: தலைவலி இருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, நேர்கோட்டில் தள்ளாடாமல் நடக்கிறாரா, படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா. கருவியை எடுத்துப்போகிறோம், மகளின் பொறுப்பில்.

லடாக்குக்குள் நுழைய மூன்று வழிகள். விமானத்தில் நேரே லேக்குப் போவது முதலாவது. மிக எளிது, ஆனால் ஒரே காலையில் 3,500 மீட்டர். ஒரு வாரப் பயணத்தில் முதல் இரண்டு நாட்களை அறையில் படுத்தே கழிக்கவேண்டும். இரண்டாவது மணாலியிலிருந்து போகும் சாலை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்த்துவிட்டாலும், அதற்கப்பால் பாராலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா என்று கணவாய்கள் வரிசையாக நிற்கின்றன. பலரும் இரவு தங்கும் சர்ச்சு 4,290 மீட்டரில் இருக்கிறது. 2,050 மீட்டர் மணாலியில் ஓர் இரவு, அடுத்த இரவு சர்ச்சுவில் என்றால், அது என் பென்சில் கணக்கில் எந்த வகையிலும் தேறவில்லை. மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்கு அந்தச் சாலையின் மேல் இருக்கும் காதல் எனக்குப் புரிகிறது. அக்காவை அதில் கூட்டிப்போக மாட்டேன்.

மூன்றாவது ஸ்ரீநகர் வழி. காகிதத்தில் உயரங்களை எழுதிப் பார்த்தபோது இந்தச் சாலை எங்களுக்காகவே போட்டதுபோல் அமைந்தது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கே முதல் இரவு. மறுநாள் சோன்மார்க் வழியாக 3,528 மீட்டர் சோஜி லாவைக் கடந்து, திராஸ் வழியாக இறங்கி, 2,676 மீட்டர் கார்கிலில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் இந்தச் சாலையின் மிக உயர்ந்த இடமான 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டி, சிந்து நதிக்கரையில் சுமார் 3,100 மீட்டரில் உள்ள ஆல்ச்சியில் மூன்றாம் இரவு. நான்காம் இரவு லே. ஒவ்வொரு பகலும் முந்தைய பகலைவிட உயரமான ஒரு கணவாய். ஒவ்வோர் இரவும் அந்தக் கணவாயைவிட எவ்வளவோ தாழ்வான ஒரு படுக்கை. விமானத்தில் போனால் படுத்தபடி கழியும் அதே நாட்கள் இங்கே பார்த்தபடி கழிகின்றன. ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவை மூன்று பகல்களில் பிரித்துக்கொள்வதால் முதுகுக்கும் தாங்கும்.

காஷ்மீர் என்றதும் அக்காவின் முகம் மாறியதை மறைக்கவேண்டியதில்லை. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் வரக்கூடிய தயக்கம்தான் அது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் நிலவரத்தைப் பார்ப்பது, சரியில்லை என்றால் தேதி மாற்றும் வசதியுள்ள பயணச்சீட்டை லேக்கு மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அப்படிப் போக நேர்ந்தாலும் லேயில் தங்காமல், விமான நிலையத்திலிருந்தே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் கீழே இறங்கி முதல் இரண்டு இரவுகளையும் ஆல்ச்சியில் கழிப்பதாக இருக்கிறோம். 400 மீட்டர் வித்தியாசம் கேட்பதற்குச் சிறிது; அந்த உயரத்தில் புதிதாக வந்த உடலுக்கு அது சிறிதன்று.

இந்த வழியில் நான் மிகவும் எதிர்பார்க்கும் இடம் எந்தச் சுற்றுலாத் தாளிலும் தலைப்பாக வருவதில்லை. கார்கிலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் முல்பெக் என்ற சிற்றூரில், சாலையோரமாகத் தனித்து நிற்கும் பாறை ஒன்றில் நின்ற கோலத்தில் மைத்ரேயரை, அதாவது இனி வரப்போகும் புத்தரை, புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். உயரம் ஏறத்தாழ 9 மீட்டர். மதுரைக்காரனுக்கு இது தள்ளி நிற்கும் செய்தி அல்ல. கீழக்குயில்குடியில் சமணர்மலையின் செட்டிப்புடவுக்குப் போனால் குகையின் முகப்பில் தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்திருப்பார். பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் கீழே செய்துகொடுத்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கும். வழிப்போக்கர்களும் வணிகர்களும் போன பாதையைப் பார்த்த பாறைகளில் துறவிகளின் உருவங்களை வெட்டிவைக்கும் பழக்கம் வைகைக்கரையிலும் இருந்திருக்கிறது, சிந்துவுக்குப் போகும் வழியிலும் இருந்திருக்கிறது. முல்பெக்கில் பாறையின் அடியில் பின்னாளில் கட்டிய சிறு கோயில் ஒன்று உருவத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடுகிறதாம். வண்டியை நிறுத்திச் சாலையின் மறுபுறம் போய் நின்று பார்க்கவேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறேன். மகளுக்குச் சமணர்மலையை இன்னொருமுறை காட்டிவிட்டுத்தான் கூட்டிப்போகப் போகிறேன்.

முல்பெக்கைத் தாண்டினால் லாமாயூரு. பழைய ஏரி ஒன்று வற்றிப்போய் விட்டுச்சென்ற மஞ்சள் வண்டல், மழையிலும் காற்றிலும் அரிக்கப்பட்டு மடிப்பு மடிப்பாக நிற்கும் நிலம். அதன் மேலே மடாலயம். அதற்கப்பால் ஆல்ச்சி. லடாக்கின் பெரும்பாலான மடாலயங்கள் குன்றின் உச்சியில் இருக்க, ஆல்ச்சி ஆற்றங்கரைச் சமதளத்தில் இருக்கிறது. படியேற அஞ்சும் முழங்கால்களுக்கு இது ஒரு வரம். 11ஆம் நூற்றாண்டு தொடங்கி 13ஆம் நூற்றாண்டுக்குள் கட்டப்பட்ட கோயில்கள் அவை. உள்ளே சுவர்களை நிறைத்திருக்கும் ஓவியங்கள் காஷ்மீரக் கலைஞர்களின் கைவண்ணம் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். காஷ்மீரிலேயே அந்தக் காலத்து ஓவியங்கள் அழிந்துபோய்விட்டதால் அவற்றைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். மூன்று தளங்கள் கொண்ட சும்ட்செக் கோயிலில் மாடம் மாடமாக நிற்கும் பெரிய போதிசத்துவர்களின் வேட்டிகளில்கூடச் சிறு சிறு காட்சிகள் வரையப்பட்டுள்ளன. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நிதானமாகப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரு டார்ச் விளக்கு எடுத்துப்போகலாமா என்பதை மட்டும் அங்கே இருக்கும் பிக்குவிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

லேயில் நான்காம் இரவு. ஐந்தாம் நாள் காலையில்தான் பயணத்தின் மிக உயரமான இடம் வருகிறது. கார்துங் லாவில் வெகுகாலம் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்ததில் அது 17,582 அடிதான், அதாவது 5,359 மீட்டர். எண்ணூறு அடி குறைந்தாலும் அங்கே நின்று தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் கதையளப்பது நல்லதில்லை. கால் மணி நேரம், பிறகு வண்டியில் ஏறிவிடவேண்டும் என்று நால்வரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கிருந்து நுப்ராவுக்கு இறங்கினால் ஹுண்டரில் இரவு, 3,050 மீட்டர், லேயைவிடத் தாழ்வு. திஸ்கித்தில் 32 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை ஷியோக் பள்ளத்தாக்கைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. ஹுண்டர் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் திரிகின்றன. காரகோரம் கணவாய் வழியாக யார்க்கந்துக்குப் போய்வந்த வணிகக் கூட்டங்களின் சுமைவிலங்குகள் அவற்றின் முன்னோர். அந்த வணிகம் கடந்த நூற்றாண்டின் நடுவில் நின்றுபோய், ஒட்டகங்கள் மட்டும் இந்தப் பக்கம் தங்கிவிட்டன.

ஆறாம் நாள் மீண்டும் லே. ஏழாம் நாளில் ஷே அரண்மனையும், இரண்டு தளங்களை நிறைத்து அமர்ந்திருக்கும் 15 மீட்டர் மைத்ரேயரைக் கொண்ட திக்சே மடாலயமும். எட்டாம் நாள் காலை விமானம். இதில் திக்சே நாளை வேண்டுமென்றே எளிதாக நகர்த்தக்கூடியதாக வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் யாருக்காவது தலைவலி இருந்தால் கார்துங் லா ஏறமாட்டோம். அன்று திக்சே, மறுநாள் நுப்ரா என்று இடம் மாறிக்கொள்ளும். சோஜி லாவில் நிலச்சரிவோ வாகன நெரிசலோ ஒரு நாளை விழுங்கினாலும் திக்சே நாளைக் கொடுத்து ஈடுகட்டலாம். ஒரு நாள்கூடச் சும்மா இருக்கக்கூடாது என்று நிரப்பிய திட்டம் மலையில் முதல் தடங்கலிலேயே உடைந்துவிடும்.

பாங்கோங் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் பெரிய சண்டை. “மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள போகாம மதுரையப் பாத்துட்டு வந்தேன்னு ஒருத்தன் சொன்னா என்ன நெனப்ப? அது மாதிரி இருக்கு, மாப்ளே” என்றார் அத்தான். 134 கிலோமீட்டர் நீண்டு, பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் கிடக்கும் அந்த நீல ஏரியைத் திரைப்படங்களில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு ஆசை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஏரிக்கரையில் தங்கினால், அதுவரை நாங்கள் உறங்கிய உயரத்தைவிட ஒரே இரவில் 750 மீட்டர் கூடும். தங்காமல் லேயிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால், 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா கணவாயை இருமுறை கடந்து, பத்து மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, ஏரிக்கரையில் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கலாம். அதற்கு மறுநாள் விமானம். இன்னும் இரண்டு இரவுகள் கையில் இருந்தால், ஏரிக்கு முன்பாக 4,000 மீட்டரை ஒட்டி இருக்கும் தாங்சே ஊரில் தங்கி நிதானமாகப் போகலாம். ஒரு வாரத்தில் நுப்ராவா பாங்கோங்கா என்றால், தாழ்வான இரவைத் தரும் நுப்ராதான்.

அத்தான் விட்டுக்கொடுத்தது பாங்கோங்கை என்றால் நான் விட்டுக்கொடுத்தது ஹான்லேயை. லேயிலிருந்து தென்கிழக்கே 250 கிலோமீட்டருக்கு அப்பால், 4,500 மீட்டர் குன்றின்மேல் அங்கே வானாய்வகம் ஒன்று இருக்கிறது. 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டையிலிருந்தே செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறது. அந்த நிறுவனத்தின் வேரில் ஒன்று நம் கொடைக்கானலில் இருக்கிறது. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயுக்கள் பக்கவாட்டில் விரைந்தோடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். பள்ளிச் சுற்றுலாவில் அந்த ஆய்வகத்தின் வாசலில் வரிசையில் நின்றவனுக்கு அதன் இமாலயப் பிள்ளையைப் பார்க்க ஆசை வருவது இயல்பு. ஹான்லே கிராமமே 4,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் ஏழு இரவுகளுக்குள் அதை எப்படித் திணித்தாலும் கணக்கு உதைத்தது. பாங்கோங்கை வெட்டிவிட்டு ஹான்லேயை வைத்துக்கொள்ள எனக்கு வாயும் இல்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது இதைவிட எளிதாக முடிந்தது. சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பும்வரை எங்கள் வீட்டில் யாரும் ஊரைவிட்டு அசையமாட்டார்கள். அப்போது லடாக்கின் உயரமான இடங்களில் இரவுக் குளிரும் கடுமை. சூன், சூலையில் கூட்டமும் விலையும் உச்சம். லேயில் ஆண்டுக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை என்றாலும் அந்த மண் மழைக்குப் பழகாதது. 2010 ஆகஸ்ட் 6 அன்று பெய்த பெருமழையின் வெள்ளத்தில் லேயிலும் சுற்றுப்புறங்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் வானம் தெளிந்திருக்கும், சோஜி லாவில் சேறு குறையும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்பதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். புரட்டாசி பிறந்துவிடுவதால் அக்காவுக்குக் கவுச்சி ஆகாது; துக்பா என்ற அந்த ஊர் நூடுல்ஸ் சூப்பைக் காய்கறி போட்டும் செய்து தருவார்கள் என்று கேட்டுக்கொண்டோம். கொலு தொடங்குவதற்குள் வீடு திரும்பியிருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

சில்லறை ஏற்பாடுகளில் ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். வீட்டில் இரண்டு எண்களையாவது முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது. கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் வீணில்லை. அதன் கீழே ஒரு தெர்மல் உள்ளாடை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று என்று அடுக்கடுக்காகப் போட்டால் போதும். அக்கா இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு என்று இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். சின்ன எலெக்ட்ரிக் குக்கரில் சாதம் வடித்துவிடலாம் என்ற அவருடைய யோசனையை மட்டும் தடுத்தேன். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தக் குக்கர் இல்லாமல் அரிசி நேரத்துக்கு வேகாது.

வண்டிதான் கடைசியாக முடிந்தது. ஸ்ரீநகர் வண்டி நம்மை லேயில் கொண்டுவந்து விடலாம். அதற்குமேல் நுப்ராவுக்கும் மற்ற இடங்களுக்கும் லே வண்டிதான் போகவேண்டும், வாடகையும் அவர்களுடைய சங்கம் நிர்ணயித்ததுதான். ஆகவே இரண்டு வண்டிகள், இரண்டு ஓட்டுநர்கள். லே ஓட்டுநரிடம் மகள் இந்தியில் பேசினாள். பாங்கோங் இல்லையா என்று அவர் இருமுறை கேட்டார். இல்லை என்றதும் குழுவில் இருப்பவர்களின் வயதைக் கேட்டார். சொன்னோம். நுப்ரா நாளையும் திக்சே நாளையும் முதல்நாள் இரவுகூட மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை, ஆனால் கார்துங் லாவுக்குக் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் எதிர்வண்டிகளில் மாட்டிக்கொள்வோம் என்றார். முன்பணம் அனுப்பியாகிவிட்டது. அத்தானின் இதயப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் வாங்கியிருக்கிறோம். அதன் முடிவு வந்த பிறகுதான் விமானப் பயணச்சீட்டு.